பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்

ஆவூர், விராலிமலைப் பக்கத்து ஊர்களில் நாலு பேரைச் சிரிக்க வைக்க ஆசைப்படும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

நான் புதுக்கோட்டைச் சீமையில் நாடக மேடையில் பபூன் வேஷம் கட்டுகிறவன். பள்ளி ஆண்டு விழாவில் மிமிக்ரி செய்கிறவர்கள், தேர்த் திருவிழாவில் பாட்டுக் கச்சேரி தொடங்கும் முன் மைக்கைக் கேட்டு வாங்கி ஐந்து நிமிடம் பேசுகிறவர்கள், கண்மாய்க் கரையில் நின்று செல்போனில் வீடியோ எடுத்துப் போடுகிறவர்கள் என்று உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். பார்க்கும் இடத்தில் எல்லாம் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, காமெடி எப்படி எழுதுறது?" டீக்கடையில் நின்றுகொண்டு அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் வீடியோக்களைப் பற்றி. ஒரே பையன் துண்டைத் தலையில் போட்டால் அப்பத்தா, தோளில் போட்டால் மாமா, கண்ணாடி மாட்டினால் வாத்தியார். மூன்று பேரையும் தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடுகிறான். குரல் மாற்றம் அருமையாக இருக்கிறது, வட்டாரப் பேச்சு அப்படியே வருகிறது. ஆனால் அப்பத்தா திட்டும்போது அந்தத் திட்டை வாங்குகிற முகம் எதிரில் இல்லை. மாமா முகம் வரும்போது திட்டு முடிந்து போயிருக்கிறது. எனக்குக் குறையாகப் படுவது இந்த ஒரு இடம்தான். இந்தத் தொழிலில் நான் கற்றது பெரும்பாலும் இந்த இடத்தைப் பற்றித்தான் என்பதால் இங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஸ்பெஷல் நாடகம் என்றால் உங்கள் வயதில் பலருக்குத் தெரியாது. உங்கள் அப்பத்தாவுக்குத் தெரியும். இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை நடக்கும் வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி. இதற்கென்று நிலையான கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து வருவார், ஹார்மோனியக்காரர் வேறொரு பஸ்ஸில் வந்து இறங்குவார். ஒத்திகையும் இல்லை, டைரக்டரும் இல்லை. வேஷம் போடும் கொட்டகையில்தான் சிலர் ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் நாடகம் பிசகாமல் நடக்கிறதென்றால், சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) போட்டுக் கொடுத்த பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால்தான். சுவாமிகளுக்கு நம் புதுக்கோட்டையோடு ஒட்டு உண்டு. கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் அவர் லயம் கற்றது இங்கேதான்.

சுவாமிகள் போட்டுக் கொடுத்த பாட்டிலும் வசனத்திலும் பபூனுக்கு மட்டும் ஒரு வரி கிடையாது. ராஜாவும் தெய்வமும் மேடைக்கு வருவதற்கு முன் நாங்கள்தான் வருகிறோம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும் கூட்டத்தை நிமிர்த்தி உட்கார வைப்பது எங்கள் பொறுப்பு. என்ன பேசுவது என்பதை மூத்த பபூன்களிடம் கேட்டும் பார்த்தும் எடுத்துக்கொண்டு, அதில் தன் கைச்சரக்கைச் சேர்த்துக்கொள்வதுதான் வழக்கம்.

மேடையின் ஒரு ஓரத்தில் ஹார்மோனியம், மிருதங்கம், தாளம் என்று பக்கவாத்தியக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். பபூன் பாட்டுப் பாடிக்கொண்டு வந்து கூட்டத்தைக் கும்பிட்டுவிட்டு, அதன் பிறகு அதிகம் பேசுவது கூட்டத்தோடு அல்ல, மிருதங்கக்காரரோடு. ஊர்ச் சனங்கள் அந்த இரண்டு பேர் பேச்சை ஒட்டுக் கேட்கிறவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். சிறுவயதில் இது எனக்குப் புரிந்ததில்லை. ஆயிரம் பேர் எதிரில் இருக்கும்போது ஏன் ஓரத்தில் இருப்பவரைப் பார்த்துப் பேச வேண்டும்? மேடை ஏறிய பிறகுதான் புரிந்தது. கூட்டத்தைப் பார்த்து நேராக ஒன்றைச் சொன்னால் அது அவர்களுக்குச் சொன்ன புத்தி ஆகிவிடும், அல்லது கேட்ட கேள்வி ஆகிவிடும். பதில் சொல்லும் பொறுப்பு அவர்கள் தலையில் விழும். பதில் சொல்ல ஒருவர் மேடையிலேயே இருந்துவிட்டால் கூட்டத்துக்குச் சிரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஒரு துண்டு மட்டும் காட்டுகிறேன். நான் மேடையில் பேசுவது. ஊர்ப்பெயர் வேண்டாம்.

"ஏண்ணே, இந்த ஊருக்குக் கடைசி பஸ்ஸு எத்தனை மணிக்கு?"
"ஒன்பதரைக்கு."
"இப்ப மணி?"
"பத்தேகால்."
"அப்ப போயிருச்சு."
"இன்னும் வரலை."
"சரி, காலையில முதல் பஸ்ஸு?"
"அதே வண்டிதான்."

கடைசிச் சொல் யாருடையது என்று பாருங்கள். பபூனுடையது அல்ல. நாலு வரி பேசி நான் வழி அமைக்கிறேன், சிரிப்பு மிருதங்கக்காரர் வாயிலிருந்து வருகிறது. அவர் அதைச் சிரிக்காமல், வெற்றிலை போட்ட வாயோடு, ஊர் நிலவரம் சொல்கிறவர் மாதிரி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு இடந்தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அந்தத் தட்டு விழுந்த பிறகு நான் உடனே பேசினால் கெட்டது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அந்த நிற்பில்தான் கூட்டம் பிடித்துக்கொள்கிறது. முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், அர்த்தம் புரிந்து அல்ல, தட்டுச் சத்தத்துக்கு. அடுத்து ஆம்பளைகள் பக்கம். பெண்கள் பக்கத்திலிருந்து வருவது கடைசியில். ஆனால் அதுதான் நீண்டு நிற்கும். பஸ்ஸுக்காக நிஜமாகக் காத்து நிற்பது அவர்கள்தானே.

இன்னொரு நுணுக்கமும் இதே இடத்தில் இருக்கிறது. திடலின் கடைசியில் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். நான் இங்கே பேசுவது அந்தக் குழாய் வழியாகச் சற்றுத் தாமதித்து எனக்கே திரும்பி வரும். அது வந்து சேர்வதற்குள் அடுத்த சொல்லை எடுத்தால் இரண்டும் மோதி, நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. பழைய பபூன்கள் சொற்களுக்கு நடுவே இடம் விட்டுப் பேசியதற்கு இதுவும் ஒரு காரணம். எந்த ஊரில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை முதல் பாட்டிலேயே காதால் அளந்துகொள்வார்கள். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோவை வெட்டும்போது நீங்கள் இடைவெளியை எல்லாம் எடுத்துவிடுகிறீர்கள். வேகம் கிடைக்கிறது, சரி. சிரிப்பவர் மூச்சு விட இடம் எங்கே?

சினிமாவுக்கு வருவோம், அது உங்கள் கையிலேயே இருக்கிறது. 1964-இல் வந்த ஸ்ரீதரின் 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ், டி. எஸ். பாலையாவிடம் தான் எடுக்கப்போகும் பேய்ப் படத்தின் கதையைச் சொல்லும் காட்சி. அறுபது வருடத்துக்கு மேல் ஆகியும் சிரிக்கிறோம். உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். அந்தக் காட்சியை இன்னொரு முறை போட்டு, நாகேஷை விட்டுவிட்டுப் பாலையாவை மட்டும் பாருங்கள். முதலில் மகன் சொல்லும் கதையைக் கேட்கும் தகப்பனின் சலிப்பு, பிறகு ஒரு சின்ன ஆர்வம், பிறகு கண் விரிவது, நாற்காலியில் உடம்பு பின்னால் போவது. 1936-இல் 'சதிலீலாவதி'யில் வில்லனாக வந்த மனிதர் அவர். மிரட்டியே பேர் வாங்கியவர் பயப்படுகிறார் என்பதால்தான் அந்தப் பயத்துக்கு அவ்வளவு எடை. நாகேஷின் கைவீச்சும் சத்தமும் மேதைமை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதையை நமக்குப் பேய்க்கதை ஆக்கியது கேட்டவர் முகம்.

அதே நாகேஷ் முப்பது வருடம் கழித்து 1994-இல் 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக வந்தார். ஒரு வசனம் இல்லை, கண் சிமிட்டக்கூட அனுமதி இல்லை. மற்றவர்கள் பேசுவார்கள், அழுவார்கள், அவரைத் தூக்கி இழுத்துக்கொண்டு போவார்கள். உயிரில்லாத உடம்பு எப்படிச் சாயும், தலை எப்படித் தொங்கும் என்று அணு அணுவாகக் கவனித்து, கொடுத்ததை எல்லாம் வாங்கிக்கொண்டு கிடந்தார். வாங்கிக்கொள்வது எவ்வளவு பெரிய நடிப்பு என்று யாராவது கேட்டால் நான் இந்தப் படத்தைத்தான் சொல்வேன்.

என். எஸ். கிருஷ்ணனுக்கும் அப்படித்தான், ஜோடியாக நடித்த டி. ஏ. மதுரம் இல்லாமல் பாதிச் சிரிப்பு இல்லை. கலைவாணர் நாகர்கோவிலில் சிறுவனாக நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர். மேடையைப் பார்த்தது போலவே கூட்டத்தின் முகத்தையும் அவர் அப்போதே பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். பின்னாளில் அவர் எதைச் சொன்னாலும் மதுரம் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார், ஒரு கேள்வி கேட்பார். சீர்திருத்தக் கருத்து பிரசங்கம் ஆகாமல் போனது அந்தக் கேள்வியால்.

அடுத்து, நடிப்பு. "காமெடிக்கு நடிப்பு வேணுமா, சேட்டை போதாதா?" என்று ஒரு தம்பி கேட்டான். அவனுக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரையே காட்டுகிறேன். ஆவூர்ப் பெரியநாயகி மாதா கோயிலில் வீரமாமுனிவர் பணி செய்தார் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இத்தாலியில் பிறந்து வந்து தமிழ் படித்த அந்தப் பெரியவர் தேம்பாவணி எழுதிய கையால்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்கள். ஆற்றங்கரைக்கு வருகிறார்கள். ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்க்க ஒருவன் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறான். சுர்ரென்று புகைகிறது. ஆறு முழித்துக்கொண்டிருக்கிறது என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறான். அப்புறம் அணைந்துபோன அதே கட்டையை வைக்கிறார்கள், சத்தம் இல்லை. தூங்கிவிட்டது என்று சந்தோஷமாக இறங்கிக் கடக்கிறார்கள்.

இதை நீங்கள் மேடையில் போட்டுப் பாருங்கள். முட்டாள் மாதிரி முழித்து, வாயைக் கோணி, மூக்கை உறிஞ்சி நடித்தால் இரண்டு நிமிடத்தில் சலித்துவிடும். அந்தச் சீடன் தன்னை முட்டாள் என்று நினைக்கவில்லை. சோதனை செய்து பார்த்து, முடிவு கண்டு, குருவின் உயிரைக் காப்பாற்ற ஓடி வருகிறான். அவன் பயம் நிஜம், குருபக்தி நிஜம். அக்கரை சேர்ந்து தலையை எண்ணும்போது தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று அழுகிறார்களே, அந்த அழுகையை நிஜமாக அழ வேண்டும். அப்படி அழுதால்தான் எதிரில் இருப்பவன் வயிறு வலிக்கச் சிரிப்பான்.

சாப்ளினின் 'தி கோல்ட் ரஷ்' (1925) படத்தில் பசிக்கு ஷூவைச் சமைத்துத் தின்னும் காட்சி இருக்கிறது. ஆணியை எலும்பு சப்புவது போலச் சப்புவார். ஒரு இடத்திலும் "பார், வேடிக்கை செய்கிறேன்" என்று கண்ணைக் காட்ட மாட்டார். 'திருவிளையாடல்' (1965) தருமி அதே ரகம். தனியாக நின்று புலம்புகிறானே, அந்தப் புலம்பலுக்குக் கீழே இருப்பது பணம் இல்லாத ஒரு புலவனின் வீட்டுக் கஷ்டம். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியில் செந்தில் கொஞ்சமும் திருட்டு முழி முழிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தன் கணக்கு சரி என்று நம்பி அமைதியாக நிற்கிறார். கவுண்டமணியின் கோபம் ஏற ஏற அந்த அமைதி கூடிக்கொண்டே போகிறது. நாகேஷ் ரயில்வேயில் வேலை பார்த்த காலத்தில் ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சின்ன வேஷம் போட்டார், பார்க்க வந்திருந்த எம்.ஜி.ஆர். மேடையிலேயே பாராட்டினார் என்பது ஊரறிந்த கதை. அந்த வேஷத்தில் இருந்தது என்ன? வலிதான்.

எழுதுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பேப்பரில் எழுதுவது குறைவு. நாடகம் போடும் ஊருக்குப் பொழுது சாயும்போதே போய்விடுவேன். டீக்கடை பெஞ்சில் உட்காருவேன், கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பேன், கோயில் வாசலில் பெரியவர்களோடு ரெண்டு வார்த்தை பேசுவேன். ரேஷன் கடையில் என்ன போடவில்லை, எந்த ரோட்டில் ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அந்தப் பஸ் விஷயமும் அப்படி ஒரு பெஞ்சில் கிடைத்ததுதான். பழைய துணுக்குக்குள் அந்த ஊரின் வலியைச் செருகினால் அன்று ராத்திரி அது புதிது. அதே துணுக்கை அடுத்த ஊரில் அப்படியே சொன்னால் செத்துப்போகும், அங்கே பஸ் நேரத்துக்கு வரலாம். கற்பனை என்பதை நான் இந்த அளவுக்குத்தான் அறிவேன்: காதைத் திறந்து வைத்துக்கொண்டு போவது, கேட்டதை வேறு இடத்தில் பொருத்துவது.

விராலிமலை முருகனுக்குச் சுருட்டு வைத்துப் படைக்கிற சீமை நம்முடையது. மழையிலும் குளிரிலும் தவித்துப்போன கருப்பமுத்து என்ற பக்தர், முன்பின் தெரியாத துணையாள் ஒருவரோடு சுருட்டைப் பகிர்ந்துகொண்டார், அவர் முருகன் என்று பிறகு தெரிந்தது என்று கதை சொல்கிறார்கள். சாமியோடு இவ்வளவு நெருக்கமாகப் பழகும் சனங்களுக்கு முன்னால்தான் வள்ளி திருமணத்தில் முருகன் கிழவனாக வந்து தள்ளாடி, தினைமாவு கேட்டு, விக்கல் எடுத்துத் தண்ணீர் கேட்கிறார். கிண்டலும் பக்தியும் ஒன்றோடொன்று சண்டை போட வேண்டியதில்லை என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த ஊர்ச் சனங்கள்.

சொல்லத் தயங்கி, ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று. எங்கள் நாடகத்தில் பபூனுக்கு அடுத்து டான்ஸ் வருவார். மேடையில் எனக்குப் பதில் சொல்லும் அடுத்த ஆள் அந்தப் பெண்தான். இரட்டை அர்த்தப் பேச்சு எங்கள் மேடையில் நெடுநாளாக உண்டு, கூட்டமும் அதைக் கேட்கிறது, சில கமிட்டிக்காரர்கள் அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். புருசன் பெண்டாட்டியை அடிக்கிற அடிபிடி சீன் என்று ஒன்று இருக்கிறது, அதற்கும் சிரிப்பு பலமாக விழும். நான் அந்தச் சீனைக் கட்டுவதில்லை. காரணம் எளிது. விடிந்ததும் நான் முகத்தைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறினால் என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. டான்ஸ் ஆடிய சகோதரி அதே பஸ்ஸில் ஏறினால், ராத்திரி நான் பேசியதை எவனாவது ஒருவன் அவர் காதுபட மறுபடி பேசுகிறான். மேடையில் விழுந்த சிரிப்பின் கடனைப் பஸ் ஸ்டாண்டில் அவர் அடைக்கிறார். இது எனக்குப் பொறுக்கவில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) ஜில் ஜில் ரமாமணியை நினைத்துப் பாருங்கள். நாடகக்காரப் பெண் வேஷம். மனோரமா அவரைக் கேலிப் பொருளாக ஆக்கியிருக்கலாம். அதற்குப் பதில் நம்மைச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் நல்ல மனசு நம் நெஞ்சில் தங்கும்படி செய்தார். பள்ளத்தூரில் வளர்ந்து, நாடக மேடையிலிருந்து வந்தவர் என்பதால் அந்த வாழ்க்கை அவருக்குத் தெரியும்.

உங்கள் வீடியோக்களில் கறுப்பு, குண்டு, குட்டை, திக்குவாய் என்று வரும்போது நான் அந்தப் பஸ் ஸ்டாண்ட் கடனைத்தான் நினைத்துக்கொள்கிறேன். சினிமாவிலிருந்து எடுத்தீர்கள் என்று தெரியும். அங்கே அடி வாங்குகிறவருக்குச் சம்பளம் உண்டு, அடுத்த காட்சியில் திருப்பிக் கொடுக்கவும் இடம் உண்டு. உங்கள் வகுப்பில் திக்கிப் பேசும் பிள்ளைக்குப் பதில் சொல்லும் இடமே நீங்கள் தரவில்லை. பதில் சொல்ல முடியாதவரை வைத்துச் செய்வது எனக்குக் காமெடியாகப் படவில்லை.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இது" என்று வீட்டில் சொல்வார்கள். சொல்வதில் இருக்கும் பயம் பொய் அல்ல, இந்த மேடைக்கு இருக்கும் கெட்ட பேர் உங்கள் அம்மாவுக்குத் தெரியும். ஆனால் புருசன், அண்ணன், வாத்தியார், பஸ் கண்டக்டர் பற்றி நீங்கள் பார்த்து வைத்திருக்கும் சங்கதிகள் இன்னும் யாரும் மேடை ஏற்றாதவை. நானும் என் கூட்டாளிகளும் எத்தனை வருடம் பேசினாலும் அவற்றைச் சொல்ல முடியாது, நாங்கள் பார்த்ததில்லை. இரண்டு பேராகச் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் கேட்க ஒருவர் சொல்ல, பெண்கள் பக்கத்திலிருந்து வரும் சிரிப்பு முதலாவதாக வரட்டும்.

பங்குனி, சித்திரை, வைகாசியில் நம் பக்கத்து ஊர்களில் நாடகம் இருக்கும், நோட்டீஸ் சுவரில் ஒட்டியிருப்பார்கள். பத்து மணிக்கே வந்துவிடுங்கள். முன்னால் உட்காராதீர்கள். மிருதங்கக்காரர் இருக்கும் பக்கமாக, மேடை ஓரத்தில் ஒதுங்கி உட்காருங்கள். கூட்டத்தின் முகமும் எங்கள் முகமும் அங்கிருந்து சேர்ந்தே தெரியும். என் பகுதி முடிந்ததும் வேஷக் கொட்டகைக்கு வாருங்கள், நாரதர் மேடைக்குப் போனபின் எனக்கு ஒரு மணி நேரம் ஓய்வு உண்டு, பேசலாம். வரும்போது நீங்கள் இரண்டு பேராக வந்தால், கையில் ஒரு துண்டு இருந்தால், அங்கேயே எனக்குச் செய்து காட்டுங்கள். மூன்றாவது ஆளாக நான் உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் பபூன் அண்ணன்